சிபானா வரைந்த யூதாஸ்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் சித்திர ஆசிரியர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். பாடக்குறிப்பு எழுதுவதும் வர்ணம் கலப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேல் படிப்பித்திருக்கிறேன். பெருமைப்படக்கூடிய நாட்களும் சில உண்டு. அவற்றை விட்டுவிட்டு, நான் பிழை விட்ட ஒரு நாளைப் பற்றியும் அதற்குப் பின்னால் வந்ததைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் பொத்துவிலைச் சேர்ந்தவள். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் கல்முனைப் பக்கமாக ஒரு பெண்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். உயர்தர வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் சித்திரம் எடுத்திருந்தார்கள். மேற்கத்திய ஓவியம் படிப்பிக்கும்போது இறுதி இராப்போசனக் காட்சி வரும். ஈஸா நபி, அதாவது இயேசு, தன் சீடர்களோடு உட்கார்ந்து உண்பதாகவும், அவர்களில் ஒருவனாகிய யூதாஸ் அவரைக் காட்டிக் கொடுப்பதாகவும் கிறிஸ்தவர்கள் சொல்லும் காட்சி. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதை எடுக்கும்போது முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன்.

"நம்மட நம்பிக்கை வேற. இஞ்ச நாம படிக்கிறது சித்திரம். ஒரு ஓவியன் தன்ட மனசில உள்ளத எப்படிக் கண்ணுக்குக் கொண்டு வாறான் எண்டு மட்டும் பாப்பம்."

அந்தப் பாடத்தை ஒரு விளையாட்டாக எடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பழைய சஞ்சிகைகளிலும் கலண்டர்களிலும் வெட்டிச் சேர்த்த படங்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் ஒட்டி, "காட்டிக் குடுத்தவன் எவன்? முதல்ல கண்டுபிடிக்கிற ஆள் கைய உசத்துங்க" என்றேன்.

இத்தாலியச் சுவரோவியம் ஒன்றில் எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் தனியாக இந்தப் பக்கம் இருப்பான். உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்றில் எல்லோருடைய தலைக்குப் பின்னாலும் பொன்வட்டம் இருக்கும், ஒருவனுக்கு மட்டும் கறுப்பு வட்டம். வடக்கு ஐரோப்பாப் படங்களில் அவனுக்கு மஞ்சள் அங்கியும் செம்பட்டைத் தலைமுடியும். சிலவற்றில் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறிய பையை ஒளித்துப் பிடித்திருப்பான். பிள்ளைகளை யோசிக்க வைத்தது எத்தியோப்பியப் படம்தான். அந்த நாட்டு ஓவியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்லவர்களை நேர்முகமாக, இரண்டு பெரிய கண்களோடு வரைவார்கள். கெட்டவனைப் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு வரைவார்கள். வேறு சில நாடுகளில் வைக்கோலால் அவனைப் போல உருவம் செய்து தெருவில் வைத்து எரிப்பார்கள் என்றும் சொன்னேன். வகுப்பு ஒரே கலகலப்பு.

அந்தக் கலகலப்பில்தான் வாய் தவறினேன்.

"நம்மட ஊர்கள்லயும் இருந்தானுகளே, தலையாட்டி எண்டு. அவனுகள வரையச் சொன்னா எப்படி வரைவீங்க?"

உங்களில் பலர் அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். சுற்றிவளைப்பு நடக்கும்போது ஊர் ஆண்களையெல்லாம் வரிசையாக நடக்க வைப்பார்கள். ஒரு வாகனத்துக்குள் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பான். கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைக் கொண்டு போவார்கள். துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கி யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை. அப்போது பல பேருடைய கைகளில் அது இருந்தது.

நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மூன்று நான்கு தலைகள் கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முன்னால் திரும்பின. ஜன்னலுக்கு வெளியே யாரோ போகிறார்கள் போலும் என்று நினைத்தேன். அந்த வாங்கில் ஜன்னலோரம் இருந்த சிபானா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். விளையாட்டு முழுவதிலும் அவள் ஒரு தடவைகூடக் கையை உயர்த்தவில்லை. பாடம் விளங்கவில்லையாக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பாடசாலைக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. அதே காட்சியை நம்முடைய ஊரில் நடப்பதாக வைத்து வரைந்து வரச் சொன்னேன். ஈஸா நபியின் உருவத்தை வரையக் கூடாது. காட்டிக் கொடுத்தவன் யார் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். இவை இரண்டும்தான் நிபந்தனை.

சிபானா கொண்டுவந்த படத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். பாய் விரித்து, நடுவில் ஒரு சஹன். கல்யாண வீடுகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அதுதான். படத்தில் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். ஆறாவது இடம் இந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. படத்துக்கு முன்னால் போய் நிற்பவர் அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்தவர் ஆகிவிடுவார். நேர் எதிரே, சோற்றில் கை வைத்தபடி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு கண்களாலும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நான்கு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள்.

அது போன்ற ஒரு வேலையை எந்த மாணவியிடமும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் என் கண் பிழையைத்தான் தேடியது. அந்த மனிதரைப் பார்த்தால் கோபம் வரவில்லை. "இவன்ட முகத்தப் பக்கவாட்டில திருப்புங்க, அப்பதான் ஆள் தெரியும்" என்று சொல்லி, பென்சிலை எடுத்து அவளுடைய படத்தின் மேலேயே ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.

மறுநாள் கோடு அழிக்கப்பட்டிருந்தது. முகம் அப்படியே இருந்தது.

"ஏன் மகள் மாத்தல்ல?"

"மாத்தினா அவரு வேற ஆளாப் போவாரு ரீச்சர்."

யூதாஸை யாரும் 'அவர்' என்று சொல்வதில்லை. என் காதில் அது விழுந்தது. விழுந்தும் ஏன் என்று கேட்காமல் விட்டேன். படம் நன்றாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்னையும் புகழ்வார்கள் என்கிற நினைப்புத்தான் அப்போது மனதில் இருந்தது. கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் மண்டபத்தின் வாசலுக்கு நேரே, உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கும் இடத்தில் அதை மாட்டினேன்.

பத்து மணிக்குத் திறப்பு. கல்விப் பணிமனையிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. ஒன்பது மணியளவில் விருந்தினர்களுக்கான சிற்றுண்டித் தட்டோடு மர்ளியா ரீச்சர் உள்ளே வந்தார். அவர் மனைப்பொருளியல் படிப்பிப்பவர். அந்தப் பாடசாலையில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதி. மாற்றலாகி வந்த எனக்கு வாடகை வீடு தேடித் தந்ததும் அவர்தான். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தவர், கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"இத ஆரு வரைஞ்ச?"

"சிபானா."

"இது ஆரு எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"யூதாஸ்."

"இது சிபானாட வாப்பா. எங்கட நானாவப் பாத்துத் தலையாட்டின ஆள்."

பிறகு அவர் சொன்னதை நான் நின்றபடியே கேட்டேன். அவருடைய நானாவுக்கு, மூத்த சகோதரருக்கு, அப்போது இருபத்தாறு வயது. கடைத்தெரு மைதானத்தில் வரிசையில் நடந்துபோனவர். சாக்குக்குள் இருந்தவன் தலையை ஆட்டியதும் இழுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சாக்கு தலையை மறைத்தது, இடுப்பில் கட்டியிருந்த சாரனை மறைக்கவில்லை. அந்தச் சாரனை அடையாளம் கண்டவர்கள் இரண்டு மூன்று பேர். ஊர் முழுக்க அது குசுகுசுப்பாகவே இருந்தது. யாரும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

"ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாரு. இருவது வரிசமா அவர்ர முகத்தப் பாக்காம நடக்கிறன். அந்தப் புள்ளைய ஒரு நாள் கூட நான் ஏசினதில்ல, அவள் என்ன செஞ்சாள். ஆனா இந்த முகத்த நடு ஹோல்ல தூக்கி வெச்சிரிக்கீங்க. சஹன்ல கைய வெச்சிக்கிட்டு, ஒரு பாவமும் தெரியாத ஆள் மாதிரி. எறக்குங்க ரீச்சர். இல்லாட்டி நான் கிழிச்சிப் போடுவன்."

அதற்குள் அதிபர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனார். "எறக்குங்க. இப்ப எறக்குங்க. அந்த இடத்துல ஒரு பூச்சாடிப் படத்த மாட்டுங்க. மத்தக் கதையெல்லாம் நாளைக்குக் கதைப்பம்."

இறக்குவது சுலபம். ஒரு ஆணியிலிருந்து கழற்றினால் போதும். ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்? இறக்காமல் விட்டால், அடுத்த ஒரு மணித்தியாலத்தில் ஊரே வந்து அந்த முகத்துக்கு முன்னால் நிற்கும். மர்ளியா ரீச்சர் அழவில்லை. கைகளை மடியில் வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எது சரி என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தப் படத்தில் இருப்பது யார் என்று இதுவரை நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கவில்லை.

"சேர், அஞ்சு நிமிசம் தாங்க. புள்ளயோட கதைச்சிட்டு வாறன்."

"கதைக்கிறதுக்கு என்ன இரிக்கி? நான் சொல்றன், எறக்குங்க."

"அஞ்சு நிமிசம் சேர்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதிபரின் பேச்சை மீறியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சிபானா சித்திர அறையில் பெயர்ச்சீட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அந்தப் படத்துல இருக்கிறது ஆரு மகள்?" என்று கேட்டேன்.

அவள் கத்தரிக்கோலை வைத்தாள். "வாப்பா."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"அவருதான் எனக்கு முன்னால வந்து இருந்தவரு ரீச்சர்."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளங்கப்படுத்தினாள். நான் பாடம் எடுத்த அன்று வீட்டுக்குப் போய், ரீச்சர் காட்டிக் கொடுத்தவனை வரையச் சொன்னார், யாரை வைத்து வரைவது என்று வாப்பாவிடம் கேட்டிருக்கிறாள். தெரிந்துதான் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. "என்னய வரையுங்க மகள்" என்றாராம் அவர். பிறகு ஒரு கிழமை முழுக்க, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அவளுக்கு முன்னால் பாயில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க பாக்கட்டும் எண்டு கேட்டாரு. என்னயப் பாருங்க எண்டன். அதுக்குத்தான் ரீச்சர் முகத்தத் திருப்ப ஏலாமப் போச்சி."

நான் அவளருகே வாங்கில் உட்கார்ந்தேன். "அண்டைக்கு வகுப்பில நான் அந்தச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது. என்னய மன்னிச்சிக்கங்க."

"அந்தச் சொல்ல நான் சின்னதில இருந்தே கேக்கிறன் ரீச்சர். படிப்பிக்கிற ஆள் சொன்னது அண்டைக்குத்தான் முதல் தடவ."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளைகளே, ஒரு வகுப்புக்குள் போகும்போது அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்கு முழுதாகத் தெரிய வராது. தெரியாது என்கிற பயமாவது இருக்க வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை.

"வாப்பா இண்டைக்கு வாறாரா?"

"ஒம்பதரைக்கு வாறன் எண்டாரு."

அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். மண்டபத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். அதிபர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஆனால் நான் அதைக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோகவில்லை. சித்திர அறைக்குக் கொண்டுவந்து, மேசை மேல் சுவரோடு சாய்த்து வைத்தேன். பிறகு மர்ளியா ரீச்சரிடம் போய், பிள்ளை சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். "அவரு வாறாரு. நீங்க அவரோட கதைக்கிறதெண்டால் அறை சும்மா இரிக்கி. கதைக்க விருப்பமில்லாட்டி நான் அவரத் திருப்பி அனுப்புறன். எது எண்டாலும் சரி" என்றேன்.

அவர் எழுந்து சித்திர அறைப் பக்கம் நடந்தார்.

சிபானாவின் வாப்பா வந்தபோது நான் வாசலிலேயே மறித்தேன். மெலிந்த மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். படத்தை மண்டபத்தில் வைக்கவில்லை என்றதும், "ஏன் ரீச்சர்? ஊரெல்லாம் பாக்கணும் எண்டுதானே நான் இருந்த" என்றார்.

"ஊர் பாத்தா நாளைக்கு இந்த ஊருக்குள்ள நடக்கப் போறது உங்கட மகள். நீங்க சொல்ல வேண்டியது ஊருக்கில்ல. அந்த ஆள் உள்ள இரிக்கா."

உள்ளே யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சிபானாவை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டேன். பெண் ஒருவர் தனியாக இருப்பதால் நான் கதவருகில் நின்றேன். அங்கே கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன். மர்ளியா ரீச்சரிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். சிபானாவின் வாப்பா இப்போது உயிரோடு இல்லை. சிபானாவும் சம்மதம் தந்திருக்கிறாள்.

மர்ளியா ரீச்சர் படத்துக்கு முன்னால் நின்றார். திரும்பாமலே கேட்டார். "எங்கட நானா உங்களுக்கு என்ன செஞ்சாரு?"

"ஒண்டும் செய்யல்ல. எங்கட தம்பியப் புடிச்சி வெச்சிருந்தானுகள். ஒராளயாவது காட்டினாத்தான் அவன உசிரோட விடுவம் எண்டானுகள். வரிசையில முதல் வந்த மூணு பேரும் எங்கட சொந்தக்காரர். நாலாவதா உங்கட நானா வந்தாரு."

மண்டபத்தில் மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியது. விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். நான் அங்கே நின்றிருக்க வேண்டியவள். நகரவில்லை.

"தம்பிய உட்டானுகளா?"

"உட்டானுகள். அவன் இப்ப வெளிநாட்டுல. என்னோட கதைக்கிறல்ல."

"நானாவ எங்க கொண்டு போனானுகள்?"

"ஆத்தங்கரப் பக்கம். என்னய வாகனத்துல இருந்து எறக்கல்ல. வெடிச் சத்தம் கேட்டிச்சி."

"எப்ப?"

"அண்டைக்கேதான். அஸர் பாங்குக்கு முன்ன."

மர்ளியா ரீச்சர் அப்போதுதான் திரும்பினார். "அண்டைக்கேயா?"

"ஓம்."

"எங்கட உம்மா நானாட போட்டோவத் தூக்கிக்கிட்டுப் போகாத சிறைச்சாலை வாசல் இல்ல. கத்தம் ஓத உடல்ல. மௌத்தான புள்ளைக்குத்தான் கத்தம், என்ட புள்ள மௌத்தாகல்ல எண்டு ஆலிம்சாவத் திருப்பி அனுப்பினா. இருவது வரிசம். நீங்க தலையாட்டினதுக்கு ஒரு காரணம் சொல்றீங்க. சரி, துவக்கு இருந்திச்சி, தம்பி இருந்தாரு. துவக்கெல்லாம் போய்ட்டுது. மறுகா ஏன் வாய் தொறக்கல்ல? ரெண்டு தெரு. நடந்து வந்தா ரெண்டு நிமிசம்."

அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "முதல்ல பயம். மறுகா வெக்கம். ஒவ்வொரு வரிசமும் போகப் போக, இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததுக்கும் சேத்து வெக்கப்பட்டன்."

மன்னியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று மர்ளியா ரீச்சரும் சொல்லவில்லை. கடைசியாக ஒன்றை மட்டும் சொன்னார். "இத எங்கட உம்மாட்ட நீங்கதான் வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அந்த வீட்டில் இறந்த மகனுக்காகக் கத்தம் ஓதினார்கள்.

நான் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் சில நேரம் யோசிக்கிறேன். அதிபர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். திறப்பு விழாவில் பொறுப்பாசிரியை இல்லாமல் போனது பெரிய குற்றம்தான். எழுதிக் கொடுத்தேன், ஆனால் காரணத்தை எழுதவில்லை. காரணத்தை எழுதினால் அது அலுவலகக் கோவையில் கிடக்கும், ஒரு நாள் யாரோ எடுத்து வாசிப்பார்கள். வருட முடிவில் எனக்கு இடமாற்றம் வந்தது. சிபானா தன் படத்தை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போனாள். பரீட்சையில் நன்றாகச் செய்தாள். கல்யாணம் முடித்து இப்போது வேறு ஊரில் இருக்கிறாள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு மாணவியின் படம் உங்களுடைய பாடத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் பென்சிலை எடுக்க முன்னர் அவளிடம் கேளுங்கள். அவசரத்தில் யாராவது இறக்கு என்றோ மாட்டு என்றோ சொன்னால், ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். தர மாட்டார்கள், எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான விலை உங்கள் கணக்கில்தான் விழும். அதையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

நான் அந்த ஊரை விட்டுப் புறப்பட்ட காலையில் மர்ளியா ரீச்சர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். அந்த நாளைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு வார்த்தையும் கதைத்ததில்லை. பஸ் வரும் திசையைப் பார்த்தபடி அவராகவே சொன்னார்.

"வாக்காளர் படிவம் கொண்டு வந்து குடுத்தாரு கிராம சேவகர். வரிசா வரிசம் வீட்டுல உள்ள ஆக்கள்ர பேர எழுதிக் குடுக்கணுமே. ஒவ்வொரு முறையும் நானாட பேரத்தான் உம்மா முதல்ல எழுதச் சொல்லுவா. நானும் எழுதுவன். இந்த முறை பேனைய எடுத்துக்கிட்டு அவட முகத்தப் பாத்தன்."

"என்ன சொன்னா?"

"'என்ட பேர முதல்ல எழுது மகள்' எண்டா."